ரசீது எண் பதினாறு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
குப்பம் காவல் நிலையத்து வேப்பமரத்தடியில்
நாட்டுத் துப்பாக்கிகளோடு நின்றோம் பத்தொன்பது பேர்,
வெயில் நாளில் குடை கொண்டுவந்தவர்கள் மாதிரி
எங்கே சாய்த்துவைப்பதென்று தெரியாமல்.

பெண் நான் ஒருத்திதான்.
உரிமம் வாங்கி ஏழு மாதம்.
சுட்டது மூன்று முறை,
அதில் ஒன்று வெடிக்கவில்லை.

அஞ்சலகத்தில் முத்திரை குத்திப் பழகிய கைக்கு
கெஜக்கோல் பிடிபட நாளானது.
மருந்து முதலில், அப்புறம் அடைப்பு,
ரவை, மறுபடி அடைப்பு.
வரிசை மாறினால் என்ன ஆகுமென்று கேட்டேன்.
விற்றவர் சிரித்தார், சொல்லவில்லை.
முதல் நாளே ரவையை முதலில் போட்டேன்.
அன்றிரவெல்லாம்
குழலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன்
தீர்ந்துபோன ஊறுகாய் ஜாடியைத் தட்டுவதுபோல.
வரப்புக்கு அப்பால் பன்றிகள்
நிதானமாக நிலக்கடலை தின்றன.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
எனக்கு முன்னால் நின்ற பீரான் சாயபு
கேட்காமலே சொன்னார்:
"நான் கோலை உள்ளயே மறந்துட்டுச் சுட்டுட்டேம்மா.
புளியமரத்துல இன்னும் குத்திக்கிட்டு நிக்குது."

வரிசை கலைந்தது அப்போதுதான்.
அடைப்புக்கு நாரா காகிதமா என்று
ராமகுப்பத்துக் குருவப்பா ஆரம்பித்துவைத்தார்.
தெலுங்குப் பேப்பர்தான் கெட்டி என்றார் ஒருவர்.
தமிழ்ப் பேப்பரில் புகை கம்மி என்றார் இன்னொருவர்.
"கட்சி நோட்டீசுதான் உத்தமம், வழவழன்னு இறங்கும்,
எந்தக் கட்சின்னாலும்" என்றார் செங்கல்ராயன்.
ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார்.

தெலுங்கில் மந்து, கன்னடத்தில் மத்து, நமக்கு மருந்து.
மூன்றிலும்
காய்ச்சலுக்குக் கொடுப்பதற்கும் அதே பெயர்.

"பேரு?"
வேதநாயகி.
வேதநாயுடு என்று எழுதிவிட்டு
ஆளைப் பார்த்து அடித்தார்.
கட்டையில் அட்டை கட்டினார்,
பார்சலுக்கு நான் போடும் அதே முடிச்சு.
ரசீது எண் பதினாறு.
அதன் முதுகில்தான்
மற்றவர்களின் போன் எண்களை எழுதிக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டு நாள்.
பன்றிகளுக்கு யாரும் தாக்கீது அனுப்பவில்லை,
தெரிந்திருந்தது.
திங்கள் குருவப்பாவின் கொல்லை, புதன் பீரானின் தக்காளி,
வெள்ளி என் கடலைக்காடு.
கையில் டின், குச்சி,
குருவப்பாவின் மனைவி கட்டிக்கொடுத்த கேழ்வரகுக் களி.
ஸ்டேஷனில் தூங்குகிற துப்பாக்கிகளைப் பற்றியே பேசினோம்,
விடுதியில் விட்டுவந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல:
எது இடதுபக்கம் இழுக்கும்,
எதற்குச் சாரல் ஆகாது.

ஒருமுறை பன்றி மிக அருகே வந்துவிட்டது.
செங்கல்ராயன் எழுந்து வாயாலேயே சுட்டார்.
டக்.
ஒரு மூச்சு விட்டு,
டொம்.
"நடுவுல எதுக்கு அந்த இடைவெளி?"
"என்னுது அப்படித்தான். யோசிச்சுத்தான் வெடிக்கும்."
பன்றி நின்று கேட்டது.
பிறகு தின்றது.

எண்ணி முடித்தார்கள். யாரோ ஜெயித்தார்கள்.
திரும்பி வந்த குழலுக்குள்
சிலந்தி ஒன்று குடும்பம் நடத்தியிருந்தது.
வெந்நீர் ஊற்றினேன்;
போன வருஷத்துக் கரி கரைந்து
அழுகின முட்டையாக நாறியது வாசல்.
அந்த நாற்றம் எனக்குப் பிடித்திருந்ததை
இங்கே மட்டும் சொல்கிறேன்.

இரவு ஒன்பதுக்கு, பேசிவைத்தபடி,
ரவையில்லாமல் வெறும் மருந்து.
மேற்கே கனத்து ஒன்று:
பீரான், எப்போதும் ஒரு சிட்டிகை கூட.
ஏரிப்பக்கம் வறட்டுச் சத்தம்: குருவப்பா.
அப்புறம் என்னுடையது.
வெள்ளைப் புகை காற்றில்லாமல்
கொடியில் போட்ட சேலை மாதிரி அங்கேயே நின்றது.

வடக்கே ஒன்றுமில்லை.
காத்திருந்தேன். போன் அடித்தது.
"கேப்பு மட்டும் வெடிச்சுது," என்றார் மெதுவாக,
பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல.
"உள்ள இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு.
வாயைக் காட்டுப்பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."
சரி, நில்லுங்க, என்றேன்.
வைக்கவில்லை நான்.
அந்த முனையில் தவளைகள்,
அவர் மூச்சு,
இந்த முனையில்
இன்னும் போகாத புகை.